மீன் ஐஸ் முதல் தடவை மட்டும்தான்

போன மாதம் நிரோஷன் என் கைத்தொலைபேசிக்கு ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த பௌதிகவியல் பகுதிக்கு ஏதோ ஆண்டு நிறைவு விழாவாம், சிறப்பிதழ் போடுகிறார்களாம். "அக்கா, உங்க பேர் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கீழே ஒரு குறிப்பு. தனலெட்சுமி என்ற பெயர் சரியாகத்தான் இருந்தது. பெயருக்குப் பிறகு வந்த ஒன்பது வரிதான் சரியில்லை.

பக்கத்தின் தலைப்பு 'சிரிக்கச் சில நினைவுகள்'. யுத்த காலத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் கனமான ஒட்சிசனை வைத்து ஒரு பரிசோதனை நடந்ததாம். உலகமே திரும்பிப் பார்க்கும் முடிவு வந்துவிட்டது என்று எல்லோரும் துள்ளினார்களாம். கடைசியில் பார்த்தால் லெட்சுமி அக்கா மீன்கடை ஐஸை வைத்து அளந்திருந்தாராம். அன்று முதல் பிழையான அளவீட்டுக்கு எங்கள் பகுதியில் 'மீன் ஐஸ்' என்று பெயராம். ஹா ஹா என்று அச்சிலேயே போட்டிருந்தார்கள்.

உடனே அவனுக்குப் போன் எடுத்தேன். நிரோஷன் இப்போது அங்கே விரிவுரையாளர். மாணவனாக இருந்தபோது ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

"இதை யாருப்பா எழுதினது?"

"சும்மா ஜோக்குக்குத்தானே அக்கா. எல்லாரும் சொல்ற கதைதானே."

"நான் ரெண்டு தடவை அளந்தேன். மீன் ஐஸ் முதல் தடவை மட்டும்தான். ரெண்டாவது தடவை அது இல்ல. அது யாருக்காவது தெரியுமா?"

"அப்பிடியா அக்கா? அப்ப நீங்களே எழுதிக் குடுங்களேன்" என்றான்.

எழுதுகிறேன். சிறப்பிதழில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்கு மூட வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சையில் கணக்கும் பௌதிகமும் சித்தி, இரசாயனம் இல்லை. பல்கலைக்கழகத்துக்குள் மாணவியாகப் போக முடியவில்லை, கண்ணாடிக் குவளை கழுவும் ஆளாகப் போனேன். தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் லயத்தைக் கொளுத்திய வருடத்தில் அம்மாவையும் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு கெலிஓயாவுக்கு வந்து ஒரு கடைக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்தேன். கலியாணமும் அங்கேதான். ஏழெட்டு வருடத்தில் குவளை கழுவியவள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆனேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வேலை பழக்கியவர் எங்கள் பேராசிரியர். நாங்கள் அவரைச் சேர் என்போம். பெயரை எழுதமாட்டேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. ஆய்வுகூடத்துக்குள் வந்தால் முதலில் குறிப்பேட்டைத்தான் பார்ப்பார், ஆளை அல்ல. பென்சிலால் ஒரு எண் எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்து என் கையில் தருவார்.

"பிழை எண்டாலும் பேனையாலை எழுதும், பிள்ளை. பிழை விட்டா ஒரு கோடு கீறிப்போட்டு, ஏன் பிழை எண்டும் பக்கத்திலை எழுதும். அழிக்கிற ஆள் ஆய்வுகூடத்துக்கு ஆகாது."

இதை அவர் எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். அன்றைக்கு என்ன மழை, எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எந்தக் கம்பி தளர்ந்தது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒளிக்கக் கூடாது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவரைப் போல ஒரு ஆசிரியர் எனக்கு வாய்த்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அதனால்தான் கோபமும் இவ்வளவு.

கலவரத்தில் சேருடைய வீடும் போனது. புத்தக அலுமாரியோடு போனது. அதற்குப் பிறகு அவர் ஒரு புதுப் பழக்கம் பிடித்தார். எதிலும் கையெழுத்து வைக்க மாட்டார். லீவுக் கடிதம், பொருள் வாங்கும் துண்டு, ஊழியருக்கு அத்தாட்சிக் கடிதம், எதுவாக இருந்தாலும் "கந்தோரிலை கேளும்" என்று அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவார். வேலை எல்லாம் வாய்வார்த்தைதான். 'போய் எடுத்து வாரும்' என்பார், நாங்கள் போவோம். வழியில் யாராவது மறித்தால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. பயந்த மனிதர் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டோம்.

எண்பதுகளின் கடைசியில் அந்தக் கறுப்புப் பீங்கான்கள் வந்தன. இற்றியம், பேரியம், செம்பு, ஒட்சிசன் சேர்த்துச் சுட்டு எடுக்கும் வில்லை. திரவ நைதரசனில் போட்டால் மின்தடை அடியோடு போய்விடும். அதுவரை இப்படித் தடையற்ற மீகடத்தி என்றால் குளிராக்க ஹீலியம் வேண்டும், எங்களுக்கு அது கனவு. நைதரசனோ கண்டிக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. குண்டசாலைப் பக்கம், திகன போகும் வழியில், மாடுகளுக்குச் சினை ஊசி போடும் நிலையம் ஒன்று இருந்தது. காளை விந்தை உறையவைத்து வைக்க அவர்களிடம் திரவ நைதரசன் இருக்கும். ஐந்து லீற்றர் குடுவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வாங்கி வருவேன். உலகத்தில் எத்தனையோ இடத்தில் இதே ஆராய்ச்சி நடந்தது. காளைமாட்டின் தயவில் நடந்தது எங்களிடம் மட்டுமாகத்தான் இருக்கும்.

சேருக்கு இருந்த கேள்வியை நான் எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்குச் சாலகம் என்று பெயர். அது சும்மா நிற்காது, அதிர்ந்துகொண்டே இருக்கும். சாதாரண நேரத்தில் அந்த அதிர்வு ஓடுகிற இலத்திரனுக்கு இடைஞ்சல், கெலிஓயா பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவனுக்கு ஆளாளுக்கு இடிப்பதைப் போல. நன்றாகக் குளிரும்போது பழைய உலோக மீகடத்திகளில் அதே அதிர்வுதான் இரண்டு இரண்டு இலத்திரனாகச் சோடி சேர்த்துவிடுகிறது. சோடி சேர்ந்தவை தடையில்லாமல் ஓடும். அதிர்வுக்கு இதில் கை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அணுவைக் கனமாக்கிப் பார்ப்பது. கனமானது மெதுவாக அதிரும், ஆகவே தடை மறைகிற வெப்பநிலையும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

புதுப் பீங்கானில் சாதாரண ஒட்சிசனை எடுத்துவிட்டுக் கனமான ஒட்சிசனைப் போட்டுப் பார்த்தவர்கள், வெப்பநிலை கிட்டத்தட்ட அசையவே இல்லை என்றார்கள். ஆகவே அதிர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பெரிய பெரிய ஆட்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சேர் மட்டும் தலையை ஆட்டினார். "நல்லாச் சுட்ட வில்லையிலை அசையாமல் இருக்கலாம். அதைக் கொஞ்சம் கெடுத்துப் பாப்பம்" என்றார். இற்றியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பிரசியோடிமியம் கலந்தோம். அவருடைய சிநேகிதர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கனமான ஒட்சிசன் கொஞ்சம், ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் அனுப்பியிருந்தார். ஒரு தடவைக்குத்தான் காணும். திரும்ப வாங்க எங்களால் முடியாது.

முறை இதுதான். ஒரே வில்லையை நடுவால் இரண்டாக அறுப்பது. ஒரு பாதியைக் கனமான ஒட்சிசனோடு குவார்ட்ஸ் குழாயில் போட்டு மூடுவது, மற்றப் பாதியைச் சாதாரண ஒட்சிசனோடு இன்னொரு குழாயில் போட்டு மூடுவது. இரண்டையும் ஒரே உலையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நேரம் சூடாக்கி, ஒரே நேரம் மெல்ல ஆறவைப்பது. இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம் ஒட்சிசனின் கனம் மட்டும்தான். கரண்ட் போய்விடக் கூடாதே என்று உலைக்குப் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டேன். நான்கு நாள் கழித்துக் குழாய்களை எடுத்துத் தராசில் வைத்தபோது கனமான பாதி உண்மையாகவே எடை கூடியிருந்தது. சேர் அன்று எனக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

முதல் அளவீட்டில்தான் மீன் வந்தது. வெப்பநிலையை வெப்பவிணைக் கம்பியால் அளப்போம். அதற்கு ஒரு முனை குளிரில், மறுமுனை உருகுகிற ஐஸில் இருக்க வேண்டும். அந்த ஐஸ் சரியாகப் பூச்சியப் பாகையில் இருக்கும் என்று நம்பித்தான் கணக்கு. ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டி அந்தக் கிழமை பழுது. கனமான பாதியை வேறு பகுதியிலிருந்து வாங்கிய நல்ல ஐஸில் அளந்தேன். மறுநாள் மற்றப் பாதியை அளக்கும்போது அங்கும் ஐஸ் இல்லை. கெலிஓயாவில் மீன் விற்கிறவரிடம் ஒரு கட்டி வாங்கி, நன்றாகக் கழுவி, துணியில் சுற்றிக் கொண்டுபோனேன்.

கழுவினால் உப்புப் போய்விடும் என்று நினைத்தேன், அது என் மடத்தனம். உப்பு ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகும். இங்கே அரைப் பாகை பிசகினால் அங்கே, குளிர் முனையில், ஒரு பாகைக்கு மேல் பிசகும். சாதாரணப் பாதி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியது. இரண்டு பாதிக்கும் இடையில் இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தது. சேர் துள்ளினார். மூன்று நாள் கழித்து எனக்கே சந்தேகம் வந்து, மிச்ச ஐஸ் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. குறிப்பேட்டில் பேனையால் எழுதினேன்: 'இந்த ஐஸ் மீன்கடை ஐஸ். உப்பு உண்டு. இந்த அளவீடு செல்லாது. பிழை என்னுடையது.'

சேர் கோபிக்கவில்லை. சிரித்தார். தேநீர் அறையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன். "திரும்ப அளப்பம், பிள்ளை" என்றார். முடிந்தது விஷயம். முடிந்திருக்க வேண்டும்.

திரும்ப அளப்பதற்குள் வளாகத்தை மூடிவிட்டார்கள். வடக்கே யுத்தம், தெற்கே சிங்களப் பெடியன்களின் கிளர்ச்சி. கண்டி வீதிகளில் காலையில் எதைக் காணப்போகிறோமோ என்று பயந்து நடந்த காலம். ஆய்வுகூடங்களைப் பூட்டச் சொல்லி உத்தரவு. சேரிடம் ஒரு திறப்பு, என்னிடம் ஒரு திறப்பு. இரண்டு பாதி வில்லையும் ஈரம் பிடிக்காத ஜாடியில் இருந்தன. இந்தப் பீங்கானுக்குக் கண்டி ஈரம் எமன். ஒரு நாள் சேர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"மாசக்கணக்கிலை பூட்டிக் கிடந்தா வில்லை உதிர்ந்துபோம், பிள்ளை. நீர் போய் நைதரசன் எடுத்து வாரும். பகலிலை ஒருத்தரும் பாராமல் அளந்திடுவம்."

"சேர், ஒரு கடிதம் தாங்களேன். வழியில ஆமி நிக்குது."

"கடிதம் என்னத்துக்கு? மாட்டு நிலையத்துக்குத்தானே போறீர். கேட்டா என்ரை வீட்டு நம்பரைக் குடும், நான் சொல்லுறன்."

நான் போனேன். நிலையத்தில் நைதரசன் ஊற்றித் தருகிறவர் பண்டார என்ற சிங்களவர். என்னை ஆறேழு தடவை கண்டிருப்பார், அவ்வளவுதான் பழக்கம். குடுவை நிறைய ஊற்றித் தந்தார். திரும்பி வரும்போது பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் குடுவையின் வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது.

"மொகக்த மே?" என்று ஒரு ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு கேட்டான். இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த சிங்களத்தில் குளிர்த் தண்ணி என்றேன், காற்று என்றேன், பல்கலைக்கழகம் என்றேன். பல்கலைக்கழகம் என்றதும்தான் அவன் முகம் மாறியது. அங்கேதான் பெடியன்கள் குண்டு செய்கிறார்கள் என்று அவர்களுக்கு எண்ணம். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். தமிழ்ப் பெயர். பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டார்கள். என்னை வெயிலில் நிறுத்திவிட்டுக் குடுவையைத் தூரத்தில் திறந்து வைத்தார்கள். வெடிக்கிறதா பார்க்க என்னையே கொஞ்சம் ரோட்டில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். தார் ரோட்டில் அது உருண்டோடிப் புகைந்து மறைந்தது. பாதி அப்படியே போயிற்று.

பொறுப்பதிகாரி வந்து என்னிடம் நம்பர் வாங்கி, எதிரே இருந்த கடைப் போனில் சேரைக் கூப்பிட்டான். நான் கேட்கும் தூரத்தில்தான் நின்றேன். இங்கிலிஷில் பேசினான். என் இங்கிலிஷ் பெரிதல்ல, ஆனால் அதற்குப் போதும். இந்தப் பெண்ணை நீங்கள் அனுப்பினீர்களா என்றான். கேட்டுக்கொண்டிருந்தான். அப்படியானால் ஆய்வுகூடம் திறக்கவில்லையா, ஒரு பரிசோதனையும் நடக்கவில்லையா என்றான். திரும்பக் கேட்டான். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு லொறி நின்றது. அதில் ஏறச் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட லொறியில் ஏறியவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. வீட்டில் எனக்கு நான்கு வயதுப் பெண்பிள்ளை இருந்தாள்.

என் கால் லொறிப் படியில் இருக்கும்போது பண்டார சைக்கிளில் வந்து குதித்தார். பஸ்ஸில் இருந்த யாரோ நிலையத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்க நின்று, "நங்கி, பய வென்ன எப்பா", தங்கச்சி பயப்படாதே என்று என்னிடம் முதலில் சொல்லிவிட்டு, அதிகாரியிடம் திரும்பி அடித்துவிட்டார் பாருங்கள் ஒரு பொய்! இது எங்கள் நிலையத்துக் குடுவை, இவள் எங்கள் ஆள், உள்ளே இருப்பது கெலிஓயாப் பசுக்களுக்குக் காளை விந்து, நீங்கள் திறந்து வைத்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள், மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று ஏறிப் பாய்ந்தார். ஆமிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி புத்தகத்தை நீட்டி, பொறுப்பெடுப்பதானால் கையெழுத்து வை என்றான்.

பண்டார முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். ஆமிப் புத்தகத்தில் பெயர் இருப்பவனைத் தேடி வரக் கிளர்ச்சிக்காரர் பக்கத்திலும் ஆட்கள் இருந்த காலம் அது. ஏழு தடவை கண்ட ஒரு கூலிக்காரிக்காக ஒரு மனிதன் கையெழுத்து வைத்தான். பத்து வருடம் கண்ணுக்கு முன்னால் வேலை செய்தவளுக்கு ஒரு பேராசிரியரால் 'ஓம், அனுப்பினனான்' என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. இதை எழுதும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

வீட்டுக்குப் போகச் சொல்லித்தான் பண்டார பஸ் ஏற்றிவிட்டார். நான் போகவில்லை. கண்டியில் இறங்கிக் கம்பளை பஸ் ஏறி வளாகத்துப் பின்வாசலில் இறங்கினேன். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. பரிசோதனை நடக்கவில்லை என்று சொல்லிவிட்டாராமே, நடத்திக் காட்டுகிறேன் பார் என்ற கோபம்தான். குடுவையைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். நான்கு விரல் உயரம் மிச்சம். வழக்கம்போல ஒரு பாதியை அளந்து, எடுத்துவிட்டு, மற்றப் பாதியை அளக்க அது காணாது. ஒரு தடவை குளிரவைக்கத்தான் காணும்.

ஆகவே இரண்டு பாதியையும் ஒரே செப்புக் கட்டியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். ஒரே கட்டி, ஒரே வெப்பவிணை, ஒரே ஐஸ். என் கணவர் தையல் வேலை செய்கிற கடையின் குளிர்சாதனப் பெட்டியில், வடித்த தண்ணீரில் நானே செய்து வைத்திருந்த ஐஸ் அது. காலையிலேயே கொண்டுவந்து ஆய்வுகூடத்தில் தேமாஸ் போத்தலில் வைத்துவிட்டுத்தான் நைதரசனுக்குப் போனேன். கட்டியை இறக்கினேன். இரண்டு பாதியின் தடையும் பூச்சியத்துக்குப் போனது. பிறகு நைதரசன் தானாக வற்ற வற்றக் கட்டி மெல்ல மெல்லச் சூடேறும்வரை காத்திருந்தேன். சுவிட்சை இந்தப் பக்கம் தட்டி ஒரு அளவு, அந்தப் பக்கம் தட்டி ஒரு அளவு, பேனையால் எழுதுவது, திரும்பத் தட்டுவது.

கனமான பாதிதான் முதலில் விழித்தது. அதன் தடை எழும்பி வந்துகொண்டிருக்கும்போது சாதாரணப் பாதி இன்னும் பூச்சியத்திலேயே கிடந்தது. ஏறக்குறைய ஒரு பாகை கழித்துத்தான் அதுவும் எழும்பியது. ஐஸில் பிழை இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே பிழைதான். எது முதலில் விழித்தது என்பதில் ஐஸுக்கு ஒரு வேலையும் இல்லை. சாலகத்தின் அதிர்வுக்கு இதில் கை இருக்கிறது. அந்த மாலை வெளிச்சத்தில், கண்டியில் ஒரு பூட்டிய ஆய்வுகூடத்தில், அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். என் வாழ்நாளில் செய்த மிகச் சுத்தமான வேலை அது. ஆமி பாதியை ஊற்றவைக்காவிட்டால் அப்படிச் செய்ய எனக்குத் தோன்றியிருக்காது.

எழுதினேன். பழக்கப்படி எல்லாவற்றையும் எழுதினேன். தேதி, நேரம், 'நைதரசன் நான்கு விரல் மட்டும். காரணம், பாலத்துச் சோதனைச் சாவடியில் மூன்று மணித்தியாலம் மறிக்கப்பட்டேன்.'

மறுநாள் சேர் வீட்டுக்குக் குறிப்பேட்டோடு போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தைப் பார்த்தார். எண்களில் விரல் ஓட ஓட அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன், பொய் சொல்லமாட்டேன். பிறகு விரல் கடைசி வரிக்கு வந்தது.

"இதை ஏன் எழுதினனீர்?"

"நீங்கதானே சேர் எல்லாத்தையும் எழுதச் சொன்னீங்க."

"அந்தத் தேதியிலை ஒரு அளவீடும் நடக்கேல்லை, பிள்ளை. நான் ஆமிக்காரனுக்கு அப்பிடித்தான் சொன்னனான். நாளைக்கு இதை ஆரும் பாத்தா என்ரை நிலை என்ன? எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"எனக்கும் ஒண்ணு இருக்குங்க சேர். லொறியில ஏத்தப் பாத்தாங்க."

அவர் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தார். பத்து வருடத்தில் அவர் கையில் நான் பென்சில் கண்டது அன்றுதான். என் எண்களுக்கு மேலே, பக்கம் முழுக்கக் குறுக்காக எழுதினார்: 'மீன் ஐஸ். செல்லாது.'

"வளாகம் திறக்கட்டும். திரும்ப ஒழுங்கா அளப்பம்" என்றார்.

திறந்தபோது ஒன்பது மாதம் போயிருந்தது. நான் அளந்த இரண்டாம் நாளே பூட்டை மாற்றி முத்திரை வைத்துவிட்டார்கள், என் திறப்பும் செல்லாமல் போனது. ஜாடியில் ஈரம் உறிஞ்சும் மணிகள் எப்போதோ நிரம்பி நிறம் மாறியிருந்தன. இரண்டு பாதியும் சாம்பல் பூத்துத் தொட்டால் உதிர்ந்தன. அன்று மாலையே அவற்றை என் வீட்டு அரிசித் தகரத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கலாம். அரசாங்கச் சொத்து என்று தொடாமல் வந்தேன். மீன் ஐஸைவிடப் பெரிய மடத்தனம் அதுதான். கனமான ஒட்சிசன் இல்லை, வில்லை இல்லை, மிஞ்சியது கதை மட்டும். மாநாட்டுக்குச் சேர் எழுதிய சுருக்கத்தில், முதலில் தெரிந்த வித்தியாசம் ஐஸின் பிழை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பரிமாறியவர்கள் என் பெயரைச் சொல்லிப் பரிமாறினார்கள்.

கொஞ்ச வருடம் கழித்து நூலகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஒரு வரைபடம் கண்டேன். கட்டுரை எனக்கு முழுதாக விளங்கவில்லை. வரைபடம் விளங்கியது. பிரசியோடிமியம் கலக்கக் கலக்க, கனமான ஒட்சிசனால் வரும் வெப்பநிலை இறக்கம் கூடிக்கொண்டே போனது, நான் கண்டதைப் போலவே. சஞ்சிகையைத் தூக்கிக்கொண்டு சேரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம். பாத்தனான்."

அவ்வளவுதான். அடுத்த வருடம் வெளிநாடு போய்விட்டார். பிரியாவிடையில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டு அந்த மீன் ஐஸ் கதையை இன்னொரு தடவை சொன்னார். நான் தட்டை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். லெட்சுமிக்கு ஜோக் விளங்காது என்றார்கள்.

அவருக்குப் பயம் இருந்தது, அது எனக்குத் தெரியும். வீடு எரிந்த மனிதர். பயந்ததற்காக அவரை நான் கோபிக்கவில்லை. எனக்கும் பயம்தான், பண்டாரவுக்கும் பயம்தான். ஆனால் தன் பயத்துக்கு என் பெயரை வைத்தாரே, அதற்குத்தான் கோபம். அவர் செத்தும் எனக்கு அது ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

நிரோஷன், அந்தக் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. பழைய ஆய்வுகூடத்தை இடித்த அன்று குப்பைக் குவியலில் கிடந்ததை எடுத்து வந்தேன். இந்தத் தடவை அரசாங்கச் சொத்து என்று பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன். அந்த ஒன்பது வரியை எடுத்துவிட்டு இதைப் போடு. பேனையால் இருப்பது என் எழுத்து, குறுக்கே பென்சிலால் இருப்பது அவருடையது. அந்தப் பென்சிலை அழிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும், எத்தனையோ வருடமாக அந்தப் பக்கம் என் அலுமாரியில்தான் இருந்தது. நான் அழிக்கவில்லை. அழிக்கிற ஆள் ஆய்வுகூடத்துக்கு ஆகாது என்று எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.